ரேஞ்சரம்மாவின் மூக்கு ரவுண்டு

இனிமேல் காட்டுக்குள் முகாமுக்குப் போகிற ஒவ்வொரு வண்டியிலும் சாப்பாட்டுச் சாமான் வைக்க இரும்புப் பெட்டி கொடுக்கப் போகிறார்களாம். மூடியில் ஒரு தாழ்ப்பாள். மனிதனின் விரல் அதற்குள் நுழையும், கரடியின் நகம் நுழையாது. என்னோடு வேலை பார்த்தவர்கள் செல்போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். "காதரண்ணே, ஒங்க காலத்துல இது இருந்திருந்தா அந்த ஜீப்பு தப்பிச்சிருக்கும்லா?" என்று கீழே எழுதியிருந்தார்கள்.

பெட்டியைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜீப் தப்பித்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

என் பெயர் காதர் மைதீன். ராஜபாளையத்துக்காரன். வனத்துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேன். குழியும் மேடுமாக ஓட்டிப் பழகிய கைக்குக் காட்டுப் பாதை பெரிய கஷ்டமாகப் படவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரியாமல் இருந்தது கரடி ஒன்றுதான்.

அதையும் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வன விடுதிக்கு ஒரு பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போனேன். பழத்தை இறக்கிக் கொடுத்து, அவர்கள் அறுத்துத் தின்று, கொட்டையைக்கூடச் சுட்டுத் தின்றாயிற்று. காலையில் பார்த்தால் ஜீப்பின் கேன்வாஸ் கூரை கிழிந்து தொங்குகிறது. பின்சீட்டின் பஞ்சு முற்றமெல்லாம் பறக்கிறது. பலாப்பால் சொட்டியிருந்த இடத்தில் தரை பளபளவென்று இருந்தது, கழுவி விட்டதுபோல. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் பீடியைப் பற்றவைத்தபடி சிரித்தார்.

"பழந்தான போச்சு டிரைவரே? வாசம் வண்டியிலதான கெடக்கு."

எங்கள் மலையில் இருப்பது கரையான் தின்னும் கரடி. அதன் நகம் நம் விரல் நீளம் இருக்கும். புற்றைப் பிளந்து, உதட்டைக் குழாய்போலக் குவித்து, உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அதற்கு ஜீப் சீட்டும் ஒரு புற்றுதான். உள்ளே ஏதோ இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிட்டால் தோண்டிப் பார்க்காமல் போகாது. மிச்சச் சோற்றைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டால் போதும் என்று ஒரு சமையல்காரர் நம்பினார். தோண்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் பிராணிக்கு அது இலை போட்டுப் பரிமாறியது மாதிரி ஆயிற்று. துணி சோப்பைக் கவ்விக்கொண்டு போன கரடியும் உண்டு. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்காக ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியை நசுக்கிப் போட்ட கரடியும் உண்டு.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் அவரவர் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஒழுங்கு என்று ஒன்று வந்தது ரேஞ்சர் சாந்தகுமாரி வந்த பிறகுதான்.

தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். முதல் நாள் பார்த்தபோது, இவர் இந்தக் காட்டில் ஆட்களை எப்படி மேய்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவன் சொல்லும் காரணத்தை முழுக்கக் கேட்பார். பிறகு "அப்படியா?" என்பார். அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த மௌனத்துக்கு நாலு வசவே தேவலை. சொன்னவன் தானாகவே உண்மையை அவிழ்த்துவிடுவான்.

சமைக்கிற இடம், படுக்கிற இடம், வண்டி நிற்கிற இடம் மூன்றையும் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அரிசி பருப்பு முதல் வெற்றிலை வரை எல்லாம் இரும்பு டிரம்முக்குள் போய்விட வேண்டும். சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெயும் சேர்த்துத்தான். டிரம் ஸ்டோர் ரூமுக்குள், ஸ்டோர் ரூமுக்கு இரும்புக் கதவு. எச்சில் இலையும் மிச்சச் சோறும் மூடி போட்ட டின்னில் மறுநாள் கூமாப்பட்டிக்கு இறங்கும். அங்கே மாடுகளுக்கு. வண்டிகளின் கண்ணாடியை முழுக்க ஏற்றிப் பூட்டி, முகப்பு ரோட்டைப் பார்க்க நிறுத்தியிருக்க வேண்டும்.

கடைசியாக அவருடைய ரவுண்டு. வெளிச்சம் இருக்கும்போதே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறக்கச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கண்ணை மூடுவார். மெதுவாக ஒரு மூச்சு இழுப்பார்.

"பின் சீட்டுல யாரோ ஆரஞ்சு உரிச்சிருக்கீய. தோலு எங்க?"

தேடினால் சீட்டு இடுக்கில் இருக்கும். "என் மூக்குக்கே தெரியுதுன்னா கரடிக்குத் தண்டோரா போட்ட மாதிரிலா?" என்பார். நாங்கள் அவருக்குத் தெரியாமல் இதற்கு மூக்கு ரவுண்டு என்று பெயர் வைத்தோம். கொஞ்ச நாளில் அவரே, "காதரண்ணே, மூக்கு ரவுண்டு போவமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் வந்த பிறகு எங்கள் முகாமில் ஒரு வண்டிக்கும் கீறல் விழவில்லை. நான் இப்போது சொல்லப்போகிற காலைவரைக்கும்.

அது விலங்குக் கணக்கெடுப்பு முகாம். கூமாப்பட்டிக்கு மேலே மலையடிவாரத்தில் பழைய வன விடுதி. மதுரையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் தன்னார்வலர்களாக ஒரு வேனில் வந்திருந்தார்கள். முந்தின சாயங்காலம் ரேஞ்சரம்மா அவர்கள் எல்லோரையும் நிற்கவைத்து, தின்பண்டம் எதுவும் தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரையும் வாயால் சொல்லவைத்திருந்தார்.

விடிந்து வெளிச்சம் வந்த நேரம். நான் வராந்தாவில் முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். ரேஞ்சரம்மா பின்பக்கம் ஓடையில் கைகால் கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தார். சமையல்காரர் ராகவன் உப்புமாவுக்கு ரவை எடுக்க ஸ்டோர் ரூமை நோக்கி நடந்தார். திடீரென்று ஜீப்பின் ஹார்ன் அடித்தது. அடித்தது என்றால் விட்டு விட்டு அல்ல, ஒரே ஓலமாக. ஜீப் சாவி என் கையில் இல்லை. யார் உள்ளே போய் ஹார்னை அமுக்குகிறார்கள் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் ராகவன் இடுப்புத் துண்டு அவிழ ஓடி வருகிறார்.

"எலுகு! எலுகு!"

அவர் ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர். பதறினால் தெலுங்குதான் வரும். எலுகு என்றால் கரடி.

ஜீப்புக்குள் ஒரு பெரிய பெண் கரடி. இது கேன்வாஸ் கூரைப் பழைய ஜீப் அல்ல, இரும்புக் கூரை போட்டது. கதவு மூடியிருந்தது. ஜீப் சரிவில் நின்றதால், கரடி கைப்பிடியில் நகத்தை மாட்டித் திறந்து உள்ளே ஏறியதும் கதவு தானாகவே திரும்பி வந்து சாத்திக்கொண்டிருக்கிறது. ஏறத் தெரிந்ததற்கு இறங்கத் தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் மார்பை அழுத்திக்கொண்டு சீட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஸ்டோர் ரூமை ஒட்டிய புங்கமரத்தில், கைக்கு எட்டும் உயரத்துக் கவட்டையில், அதன் குட்டி. ஹார்ன் ஓயும்போதெல்லாம் குட்டியின் அழுகை கேட்டது. கைக்குழந்தை அழுவது மாதிரியே இருந்தது.

"ஒருத்தரும் முத்தத்துல எறங்காதிய. கத்தவும் வேண்டாம்," என்றார் ரேஞ்சரம்மா. "வெயில் ஏறிட்டா வண்டிக்குள்ள அது வெந்து செத்துரும். அதுக்கு முன்னாடி கதவத் தொறந்து விடணும். தாயி வெளிய வந்தா நேரா குட்டிக்கிட்டதான் போவும். அந்த வழில யாரும் நிக்கக் கூடாது."

பிள்ளைகளின் வேன் விடுதிச் சுவரை ஒட்டி நின்றது, அதன் டிரைவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு இறங்கியிருந்தார். வராந்தாவிலிருந்தே அதற்குள் ஏறிவிடலாம். வண்டி இழுக்கும் கயிறு அதில் இருந்தது, இரண்டு முனையிலும் கொக்கியோடு. ஒரு கொக்கியை வேனின் பின்னால் மாட்டி, வேனைப் பின்னோக்கி ஜீப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மறு கொக்கியை ஜீப் கதவின் கைப்பிடியில் மாட்டி இழுப்பது. இதுதான் திட்டம். ரேஞ்சரம்மாதான் சொன்னார். தெளிவாகத்தான் ஆரம்பித்தார்.

"காதரண்ணே, நீங்க வேன எடுங்க. ராகவண்ணன் பின்னாடி ஜன்னல் வழியா கொக்கிய... கொக்கிய..."

நிறுத்திவிட்டார். மறுபடியும் "கொக்கிய" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மலைக்காற்று சில்லென்று வீசிக்கொண்டிருக்கிறது, அவருடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. தூணைப் பிடித்திருந்த கை நடுங்கியது. இந்த முகத்தை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் மனைவி பாத்திமா அடுப்படியில் இப்படித்தான் பாதிச் சொல்லில் நின்று, அப்படியே சரிந்து விழுந்தாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்.

பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் கேட்டேன். "அம்மா, ஒங்களுக்கு சுகர் இருக்கா?"

என்னைப் பார்த்தார். ஆமென்று தலையை அசைத்தார்.

"ஊசி போட்டுட்டீயளா?"

"போட்டாச்சு. அப்பவே... ஜீப்புல உக்காந்து."

"சாப்பிடலயே. மிட்டாய், குளுக்கோஸ் ஏதும் வச்சிருக்கீயளா?"

"ஜீப்புல," என்றார்.

நான் திரும்பி ஜீப்பைப் பார்த்தேன். கரடி முன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. அதன் கறுத்த முகமெல்லாம் வெள்ளை வெளேரென்று குளுக்கோஸ் பவுடர்.

பிற்பாடு அவர் சொல்லித்தான் முழுக்கப் புரிந்தது. அவர் ஊசிக்கு மாறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் காட்டு வேலையிலிருந்து எடுத்து ஆபீஸில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம். முகாமில் தனியாக ஊசி போட்டுக்கொள்ள ஜீப்பைவிட்டால் இடமில்லை. விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டு, உடனே திரும்பி வரப்போகிறோமே என்று பூட்டாமல் சும்மா சாத்திவிட்டுப் போயிருக்கிறார். குளுக்கோஸ் டப்பாவும் மிட்டாயும் டாஷ்போர்டுக்குள், இறுக்கமாக மூடித்தான் இருந்தன. மூக்கு ரவுண்டில் அவருடைய மூக்குக்கு அது எட்டியதில்லை.

ராகவன் துண்டை இறுக்கிக் கட்டினார். "சீனி டிரம்முலதான் இருக்கு. ஒரே ஓட்டமா போய் எடுத்துட்டு வாரேன்."

ரேஞ்சரம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் பிடி உடும்புப் பிடியாக இருந்தது. "போகாதிய. குட்டி அங்க இருக்கு."

"தாயிதான் வண்டிக்குள்ள அடைஞ்சு கெடக்கேம்மா."

"கண்ணாடி எம்புட்டு நேரம் தாங்கும்?"

கேட்டு வாய் மூடவில்லை, ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் விரிசல் ஓடியது. ராகவன் நின்றுவிட்டார். விடுதியில் தின்ன ஒன்றும் கிடையாது. ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. ரேஞ்சரம்மா போட்ட ஒழுங்கு அப்படி. எல்லாம் புங்கமரத்தைத் தாண்டி, பூட்டிய டிரம்முக்குள்.

நான் கல்லூரிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, ஏம்பா, யாராச்சும் இனிப்பு ஏதும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா? இருந்தா குடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அம்மாவுக்கு இப்ப வேணும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முந்தின நாள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர்கள்தானே. நிவேதா என்று ஒரு பெண், முகாமிலேயே ரொம்ப அமைதியான பெண், முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர்.

"எங்கிட்ட பால்கோவா இருக்குண்ணே. அம்மாவுக்குன்னு ஸ்ரீவில்லிபுத்தூர்ல வாங்கினேன்."

உள்ளே ஓடி, தலையணை உறைக்குள்ளிருந்து பொட்டலத்தை எடுத்து வந்தாள். ரேஞ்சரம்மாவைத் தரையில் சாய்த்து உட்காரவைத்தோம். விழுங்கத் தெம்பு இருந்தது, அது போதும். நிவேதா கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மறுபடி வைத்தாள். ரேஞ்சரம்மா சாப்பிட்டார். ஜீப்பில் ஹார்ன் அலறுகிறது, மரத்தில் குட்டி அழுகிறது, நாங்கள் எல்லோரும் ஒரு மனுஷி பால்கோவா தின்பதை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செத்த நேரம் கழித்து அவர் கண்ணில் பழைய கூர்மை மெதுவாக வந்தது. நடுக்கம் நின்றது.

முதலில் அவர் சொன்னது இதுதான்: "கயிறு தளந்துச்சுன்னா கதவு மறுபடியும் சாத்திக்கும். இழுத்த இழுப்புல பிடிச்சுக்கிட்டே நில்லுங்க காதரண்ணே. இப்பப் போங்க."

நிவேதாவின் தோளில் சாய்ந்தபடி அவர் உட்கார்ந்திருக்க, நாங்கள் வேனில் ஏறினோம். நான் வேனைப் பின்னால் எடுத்தேன். கல் லாரி ஓட்டியபோதும் அத்தனை மெதுவாக நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்ததில்லை. ஜீப்பை நெருங்க நெருங்க கரடி ஹார்னை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பியது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அதன் வாய் திறந்திருந்தது. ராகவன் பின் ஜன்னலை விலக்கி, உடம்பைப் பாதி வெளியே நீட்டி, கொக்கியைக் கைப்பிடியில் மாட்டப் பார்த்தார். முதல் தடவை நழுவிவிட்டது. கரடி உள்ளிருந்து கண்ணாடியில் ஓங்கி ஒரு அறை விட்டது. ராகவன் "ராமா" என்று கண்ணை மூடிக்கொண்டே மறுபடி நீட்டினார். கொக்கி விழுந்தது.

"போ காதரு, போ!"

முன்னால் எடுத்தேன். கயிறு விறைத்தது. கைப்பிடி கிளம்பிக் கதவு திறந்துகொண்டது. பிரேக்கை மிதித்து அப்படியே நிறுத்தினேன். மிதித்த காலை எடுக்கவில்லை.

கரடி உடனே வெளியே பாயவில்லை. தலையை நீட்டி மோந்து பார்த்தது. பிறகு பொத்தென்று இறங்கியது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் புங்கமரத்தடிக்கு ஓடி, மரத்தில் முன்காலை ஊன்றி நிமிர்ந்து நின்று, ஏதோ உறுமிக் கூப்பிட்டது. குட்டி சறுக்கிக்கொண்டு வந்து தாயின் முதுகில் விழுந்து ரோமத்தைப் பற்றிக்கொண்டது. தாயின் முகத்தில் இருந்த குளுக்கோஸை நக்கியது. இரண்டும் ஓடையைத் தாண்டி மூங்கிலுக்குள் போய் மறைந்தன.

அதற்குப் பிறகு ராகவன் போட்ட உப்புமா மாதிரி நான் எங்கேயும் தின்றதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் ரேஞ்சரம்மா எழுந்து நின்றார்.

"எனக்குச் சர்க்கரை இருக்கு. ஊசி போடுறேன். இத ஒங்க எல்லார்ட்டயும் மறைச்சேன். என் மிட்டாய்தான் கரடிய கூப்பிட்டுச்சு, நான் பூட்டாம போன கதவுதான் உள்ள விட்டுச்சு. ஜீப்புக்கு நாந்தான் பொறுப்பு." அவ்வளவுதான் சொன்னார். பிறகு நிவேதாவைக் கூப்பிட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள்.

"பால்கோவாவ எங்க வச்சிருந்த?"

"தலையணைக்குள்ள மேடம்."

"ஜன்னல் வழியா கரடி வந்திருந்தா மொதல்ல ஒன் தலையத்தான் தோண்டியிருக்கும்."

"தப்புதான் மேடம்."

ரேஞ்சரம்மா வழக்கம்போல அவள் முகத்தையே பார்த்தார். அவள் அழத் தயாரானாள். "ரொம்ப நல்லாருந்துச்சு," என்றார். "எந்தக் கடை?"

முகாம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வேனை நிறுத்தச் சொல்லி, அவளுடைய அம்மாவுக்கென்று ஒரு பெரிய பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். மலையில் வைத்துக் கொடுக்கவில்லை.

அவரை ஆபீஸுக்கு மாற்றினார்களா என்று இப்போதும் கேட்கிறார்கள். இல்லை. அவரே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மேலதிகாரி, "காட்டுல ஒங்களுக்கு இப்படி ஆச்சுன்னா கண்டுபிடிக்க ஆள் இருக்கா?" என்று மட்டும் கேட்டாராம். "டிரைவர் கண்டுபிடிச்சாரு" என்றாராம் இவர். அதோடு சரி. அதற்குப் பிறகு பல வருடம் அதே மலையில் வேலை பார்த்தோம். அவருடைய இடுப்புப் பையில் ஒரு திருகுமூடி எவர்சில்வர் டப்பா, என் சட்டைப் பையில் ஒன்று. மூக்கு ரவுண்டிலும் ஒரு மாற்றம் வந்தது. அவருடைய ஜீப்பை அவர் மோந்து பார்ப்பதில்லை. ராகவன்தான் பார்ப்பார், அதுவும் டாஷ்போர்டைத் திறந்து கையை விட்டுத் துழாவி. புதுப் பெட்டி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குப் பெட்டி இருந்திருந்தாலும் அந்த டப்பா டாஷ்போர்டுக்குள்தான் இருந்திருக்கும். மறைத்து வைக்கிற சாமானைப் பெட்டியில் யார் கொண்டுபோய் வைப்பார்கள்?

கரடி இறங்கிப் போன அன்று மத்தியானம் ஜீப்பை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கினோம், நானும் அவரும் மட்டும். சீட்டில் பஞ்சே இல்லை. கம்பியின் மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். வண்டிக்குள் கரடி வாடை. ஒவ்வொரு குழிக்கும் ஹார்ன் தானாகப் பீப் என்றது. மூன்றாவது குழியில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகு சொன்னார்.

"வீட்லயும் தெரியாதுண்ணே. அவுக மாத்திரைதான்னு நெனச்சிட்டு இருக்காக. ஊசின்னா இந்த வேலைய விடுன்னு சொல்லிருவாகன்னு பயந்து சொல்லல."

அவர் கணவர் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார். கூமாப்பட்டிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில்தான் செல்போனுக்குச் சிக்னல் வரும். அங்கே வந்ததும், "செத்த நிறுத்துங்க" என்றார். இறங்கி வரப்போரமாகப் போய் நின்று போன் போட்டார். நான் எஞ்சினை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் குரல் ஒரு தடவை உடைந்தது கேட்டது. பிறகு கேட்டுக்கொண்டே மட்டும் நின்றார்.

திரும்பி வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா சொன்னாக?" என்றேன்.

"திட்டுவாகன்னு நெனச்சேன். மொதல்ல கேட்டதே மத்தியானம் சாப்பிட்டியான்னுதான்." சாக்கின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வண்டிய எடுங்கண்ணே. எனக்குப் பசிக்குது."

அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். வண்டியை எடுத்தேன்.